"நாளைக்குச் சொல்றன்" என்ற சிவபாக்கியம் அக்கா

கீரிக் கடற்கரையில் மீன் விலை பேசிக்கொண்டு நின்றபோது தொலைபேசி அடித்தது. "மாமி, அம்மா மோசம் போயிட்டா" என்றாள் சிவபாக்கியம் அக்காவின் மகள். வாங்கிய மீனை விற்றவரிடமே கொடுத்துவிட்டுப் பாப்பாமோட்டைச் செத்தவீட்டுக்கு பஸ் ஏறினேன்.

அக்காவைத் தெரிந்த ஊரவர் உங்களுக்கு என்னையும் தெரியும். போர் முடிந்து முகாமிலிருந்து வந்து மீள்குடியேறிய காலத்தில் எங்கள் மாதர் சங்கத்துக்கு அவர் தலைவி, நான் செயலாளர். அவர் வாயைத் திறக்க மாட்டார்; நான் மூட மாட்டேன். என்னையே தலைவியாக்கியிருக்கலாம் என்று உங்களில் பலர் சொன்னீர்கள். எனக்கும் அது கேட்க நன்றாகத்தான் இருந்தது.

தகரக் கொட்டில்களில் இருந்த எங்களுக்கு ஒரு பொதுக்கிணறு கிடைத்தது. அதைப் பெருவீதியோரம் வெட்டினால் வேலை சுலபம் என்றார் அரசாங்கக் கந்தோரிலிருந்து வந்த அதிகாரி. எனக்குப் பிடிக்கவில்லை. ஏனென்று தெரியாமலே எழும்பினேன்; பேசப் பேசத்தான் எனக்கு யோசனை வரும். தூரம், தூசி, மாடு, வாளிக் கயிறு எல்லாம் வந்தது. அதிகாரி கொட்டாவி விட்டார்.

"தலைவி ஒண்டும் சொல்லேல்லை. அப்ப எல்லாருக்கும் சம்மதம்தானே?"

முகாமில் பழகிய பழக்கம், கேட்டவுடன் எல்லோரும் தலையாட்டிவிட்டோம்.

"எனக்குச் சம்மதமில்லை" என்றார் அக்கா.

"ஏன்?"

"நாளைக்குச் சொல்றன்."

"நாளைக்கு எனக்கு மறிச்சுக்கட்டியில கூட்டம்."

"அப்ப அதுக்கடுத்த நாள் வாங்கோ ஐயா. நாங்கள் இஞ்சதான் இருப்பம்."

கிணறு வேறு ஊருக்குப் போய்விடும் என்று பயந்தேன். வீடு வரும்வரை அக்காவைத் திட்டினேன்.

"நீ கதைச்சாத்தான் உனக்கு யோசனை வரும். எனக்கு யோசிச்சு முடிஞ்சாத்தான் கதை வரும்" என்றார். "நீ நிப்பாட்டாமல் திட்டு. நான் அதுக்குள்ள யோசிக்கிறன்."

அக்கா சொன்ன நாளில் அதிகாரி வந்தார். அக்கா எழும்பினார்.

"ஐயா, றோட்டுக்கரையில கிணறு இருந்தா, குளிக்கிறதுக்கு நாங்கள் இருட்டுமட்டும் காத்திருக்கவேணும். முகாமில அப்பிடித்தான் இருந்தனாங்கள். இனி ஏலாது."

அங்கிருந்த ஒவ்வொரு பெண்ணின் மனதிலும் கிடந்தது அதுதான். அவ்வளவு பேசிய என் வாயில் அது வரவேயில்லை. அதிகாரி கோப்பை மூடிவிட்டு எழுந்தார். பிறகு, "இடத்தைக் காட்டுங்கோ அம்மா" என்றார். கிணறு இன்றும் வீடுகளுக்கு நடுவில் இருக்கிறது.

அன்றிலிருந்து எந்தக் கூட்டத்திலும் நான்தான் முதலில் பேசுவேன். அக்காவுக்கு யோசித்து முடிந்ததும் என் முழங்கையைத் தொடுவார். நான் உட்காருவேன், அவர் எழும்புவார். இப்படியே பாடசாலைக்குக் கூரையும் ஊருக்கு பஸ்ஸும் கேட்டு வாங்கினோம்.

செத்தவீட்டில் இரங்கலுரைக்கு என்னைத்தான் எழுப்பினீர்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு சொல்லும் வரவில்லை. முழங்கையைத் தொட ஆளுமில்லை. "நாளைக்குச் சொல்றன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அழுதுகொண்டிருந்த பெண்கள் சிலர் சிரித்துவிட்டார்கள்.

அவசரப்படுத்துகிறவர்களிடம் நாளை வரை அவகாசம் கேட்கும் துணிவை அக்காவிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அதை இனி யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நான் சொன்ன அந்த நாளை இன்றுதான். முதல் தடவையாக, முழுவதும் யோசித்து முடித்துவிட்டு வாய் திறந்திருக்கிறேன்.

அக்கா, சொல்லிவிட்டேன்.