கிடேரி கத்திய காலை

மடுல்சீமையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் அரை ஏக்கருக்கும் குறைவாக ஒரு காணி இருக்கிறது. போஞ்சி, லீக்ஸ், ஓரமாகப் புல், மூலையில் ஒரு மாட்டுப்பட்டி. அதற்கு முதலாளி நான்தான் என்று ரொம்ப காலம் நம்பிக்கொண்டிருந்தேன். மாதத்தில் இருபது நாள் சுற்றுலா வேன் ஓட்டிக்கொண்டு காலியிலும் யாழ்ப்பாணத்திலும் கிடப்பவன், எங்கேயோ நின்றபடி "லீக்ஸுக்கு மண் அணைச்சியா?" என்று கேட்டுவிட்டால் முதலாளி ஆகிவிடலாம் என்ற நினைப்பு.

லயத்தில் சிக்னல் கிடையாது. என் மனைவி கொழுந்து பறிக்கும் மலையில், ஒரு பாறைப் பக்கம் மட்டும் கிடைக்கும். அதனால் காலை பத்து மணித் தேத்தண்ணி நேரம்தான் நாங்கள் குடும்பம் நடத்தும் நேரம். முள்ளம்பன்றி கிழங்கைக் கிளறிவிட்டது, போஞ்சிக்குக் கம்பு போதவில்லை என்று அவள் சொல்லச் சொல்ல, எல்லாவற்றுக்கும் என்னிடம் ஓர் உத்தரவு தயாராக இருக்கும். அதில் எத்தனையை அவள் காதில் போட்டுக்கொண்டாள் என்பது வேறு விஷயம்.

ஆனால் அவள் கேட்டு, அதனாலேயே கெட்டுப்போன காரியம் ஒன்று உண்டு. தாய் செத்த பிறகு போத்தலில் பால் கொடுத்து அவள் வளர்த்த கிடேரி பருவத்துக்கு வந்து கத்தியது. கத்தினால் அன்றைக்கே சினை ஊசி போட வேண்டும். மறுநாள் போட்டால் வீண். பட்டி அந்த மலைக்கு நேர் கீழே என்பதால் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கிறது. பாறையிலிருந்து கூப்பிட்டாள்.

"நான் எறங்கிப் போகவாங்க?"

"வேலைய விட்டுட்டா? கங்காணி அரைப்பேர் போட்டுருவாரு. வேலை முடியட்டும், பாத்துக்கலாம்."

பாதி நாளில் மலையை விட்டு இறங்கினால் அன்றைக்கு அரைப்பேர்தான், பாதிச் சம்பளம்தான். முழுப்பேர் என்பது எங்கள் சனத்துக்கு இரத்தத்தில் ஊறியது. காய்ச்சலோடு மலையில் நின்றாவது அதை வாங்கிவிடுவோம். அன்றும் பேரைக் காப்பாற்றினோம், கிடேரியின் நாளைத் தவறவிட்டோம். அடுத்த தடவையும் அதே உத்தரவு, அதே கதை. வேலை முடிந்து அவள் இறங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிட, இரண்டு ஊசியும் மறுநாள்தான் போட்டோம். இரண்டும் பிடிக்கவில்லை.

இது மலடு என்று லயமே முடிவு கட்டியது. மாட்டு வியாபாரி வந்து பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனார். இன்னும் ஒரு தடவை பார்ப்போம், இல்லாவிட்டால் கொடுத்துவிடலாம் என்று நானும் தலையாட்டினேன். அவர் அதை எங்கே கொண்டுபோவார் என்பது எல்லோருக்கும் தெரியும். அன்று அவள் சாப்பிடவில்லை.

மூன்றாவது தடவை நான் திருகோணமலையில் இருந்தேன். நான் கூட்டிவந்த வெள்ளைக்காரக் குடும்பம் கடலில் குளித்துக்கொண்டிருந்தது. போன் அடித்தது. எடுத்தால் அவள் பேசவில்லை, போனைப் பள்ளத்தை நோக்கி நீட்டிப் பிடித்திருக்கிறாள். முதலில் காற்று மட்டும் கேட்டது. பிறகு நீளமாக ஒரு கத்தல்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. வேலை முடியட்டும்…" என்று வழக்கப்படி ஆரம்பித்தேன்.

"ஒண்ணும் முடிய வேணாம். அரைப்பேர் போட்டா போட்டுக்கட்டும், நான் எறங்குறேன். ஊசிக்காரர் நம்பர உங்க போன்லயே பூட்டி வச்சிருக்கீங்களே, அவரக் கூப்பிட்டு பள்ளிக்கூடத்து வளைவுக்கு வரச் சொல்லுங்க. நான் அங்க நிப்பேன்."

கட் பண்ணிவிட்டாள். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அவள் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஊசிக்காரர் லுணுகலையில் இருந்தார். "மழை பேஞ்ச ரோடுங்க, பைக் ஏறாது. நாளைக்குக் காலையில…" என்று இழுத்தார்.

"நாளைக்கு நாளைக்குன்னுதான் ஐயா ரெண்டு தடவ கெட்டுப்போச்சு. வளைவு வரைக்கும் வாங்க, போதும்."

அந்த மனிதரிடம் நான் கெஞ்சிய கெஞ்சலை யாராவது கேட்டிருந்தால் என் முதலாளித்தனம் அங்கேயே முடிந்திருக்கும். கடைசியில் வருகிறேன் என்றார்.

அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அவள் கீழே இறங்கிவிட்டால் போன் வெறும் டப்பாதான். தெரிந்தும் திரும்பத் திரும்ப அடித்தேன். இணைப்பு இல்லை என்று ஓர் அம்மா மூன்று மொழியிலும் சொல்லிக்கொண்டிருந்தார். சாப்பிட உட்கார்ந்தேன், மீன் குழம்பில் உப்பு இருந்ததா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. நாலு மணி வாக்கில் மூச்சு வாங்கியபடி அவளுடைய குரல் வந்தது.

"போட்டாச்சு. வளைவுலேருந்து நடந்தே வந்தாரு பாவம். சரியான நேரம்னு சொன்னாரு. இதச் சொல்லத்தான் திரும்ப மலையேறி வந்தேன். அந்த நம்பர எனக்கு அனுப்பிவிடுங்க."

உடனே அனுப்பினேன். மூன்று மாதம் கழித்து அவளே அவரை வரவழைத்துப் பார்க்கச் சொல்லி, சினைதான் என்று எனக்குச் செய்தி அனுப்பினாள். மலடு என்று சொன்ன வாய்களெல்லாம் புல்லுக்கட்டோடு பட்டிப் பக்கம் வர ஆரம்பித்தன.

ஈன்ற அன்றும் நான் ஊரில் இல்லை. பெரகலச் சந்தியில் வேனை நிறுத்திப் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு வீடியோ வந்தது. ஈரம் காயாத கன்று காலைப் பரப்பி எழுகிறது, விழுகிறது, மறுபடி எழுந்து மடியைத் தேடிப் பிடிக்கிறது. பின்னால் அவள் சிரிக்கும் சத்தம். நான் கடைக்குள்ளேயே கூவிவிட்டேன். தேத்தண்ணிக் கடைக்காரர், பஸ் கண்டக்டர், என் வேனில் வந்தவர்கள் என்று எல்லோரிடமும் போனை நீட்டினேன். முன்பின் தெரியாதவர்கள் கை தட்டினார்கள். பெருமையில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

உடனே அவளைக் கூப்பிட்டேன். பாறையில்தான் நின்றாள்.

"தொப்புளுக்கு மருந்து…"

"போட்டாச்சு. கிடேரிக் கன்னுங்க!"

"நஞ்சுக்கொடி…"

"விழுந்திருச்சு."

"சீம்பால்…"

"வயிறு முட்டக் குடிச்சிட்டுப் படுத்திருக்கு."

எனக்கு உத்தரவு தீர்ந்துபோனது. "வலி எடுத்தப்பவே ஏன் என்னையக் கூப்பிடல?" என்று மட்டும் கேட்டேன்.

"ஒங்களக் கூப்பிடணும்னா மலையேறணும். மாட்டுக்குப் பக்கத்துல ஆள் வேணாமா?" என்றாள்.