நாங்கள் மன்னித்த தோட்டத்து மாமா

எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் இரக்கத்தைப் பற்றிய பாடம் வருகிற வாரம் எனக்குத் தவறாமல் தொண்டை கட்டிக்கொள்ளும். வேறு டீச்சரை எடுக்கச் சொல்லிவிடுவேன். அவர்களும் பாவம், சுக்குக் காபி போட்டுத் தருகிறார்கள். தொண்டைக்கு ஒன்றும் இல்லை. கொல்லிமலையில் எங்களிடம் ஒரு சேவல் இருந்தது, அதுதான் விஷயம்.

அப்பாவுக்கு அங்கே அரசு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் வேலை. திருநெல்வேலிப் பக்கமிருந்து மாற்றலாகி, குண்டனி நாடு என்கிற மலைப்பகுதியில் ஒரு தோட்டத்தை ஒட்டிய வீட்டில் குடியிருந்தோம். தோட்டத்துக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். மரவள்ளியும் மிளகும் போட்டிருந்தார். காட்டுப்பன்றி வந்து கிழங்கைத் தோண்டாமல் காவல் காத்தது அவருடைய செவலை நாய்தான். பன்றியை விரட்டுகிற அந்த நாய், என்னைக் கண்டால் மட்டும் மல்லாந்து படுத்துக்கொள்ளும்.

கிறிஸ்துமஸுக்கென்று ஒரு சேவல் வளர்த்தோம். சாயங்காலம் அதைக் கூண்டில் அடைத்துக் கொக்கி போடுவது என் பொறுப்பு. அப்போது எனக்கு ஒன்பது வயது. பண்டிகைக்குப் பத்து நாள் இருக்கும்போது வசனப் போட்டிக்கு ஒத்திகை வைத்தார்கள். எனக்குக் கிடைத்தது இரக்கத்தைப் பற்றிய வசனம். அதை முணுமுணுத்துக்கொண்டே சேவலை உள்ளே தள்ளிவிட்டு ஓடினேன். கொக்கி போடவில்லை. திரும்பி வந்தால் வாசலெல்லாம் இறகு. நடுவில் செவலை நாய், வாயில் ஓர் இறகோடு என்னைப் பார்த்து வாலை ஆட்டியது.

"கொக்கி போட்டியா?" என்றார் அப்பா.

"போட்டேன்ப்பா."

யோசிக்கக்கூட இல்லை. அவ்வளவு சுலபமாக வந்தது பொய்.

மாமா ஓடிவந்து கூண்டைப் பார்த்தார். கதவு பெயரவில்லை, கொக்கி வளையவில்லை, சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். நான் பாவாடையைக் கசக்கிக்கொண்டு நின்றேன்.

"கொக்கி போட்ட கூண்டையே தெறந்திருக்கே உம்ம நாய். நாளைக்குப் பிள்ளையக் கடிச்சா என்ன செய்வீரு?" என்று அப்பா கத்தினார்.

மாமா நாயைக் கழுத்தில் பிடித்துத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். "எங்க நாய் பண்ணுன தப்புதானுங்க சார். மன்னிச்சுக்கோங்க."

அப்பா மன்னித்தார். கிறிஸ்துமஸ் நேரத்தில் மன்னிக்காமல் எப்படி? மனதில் எதையும் வைத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டு, நாய் மட்டும் இங்கே இருக்கக் கூடாது என்றார்.

மறுநாள் காலை மாமா நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, அடிவாரத்துப் புளியஞ்சோலையில் விட்டுவரக் காட்டுப் பாதை வழியாக இறங்கினார். நான் ஜன்னலில் நின்றேன். வாயைத் திறந்திருந்தால் போதும், நாய் இங்கேயே இருந்திருக்கும். பரிசு வாங்கியதும் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். பொழுது சாயும்போது மாமா கயிற்றை மட்டும் கையில் சுற்றிக்கொண்டு ஏறி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு முதல் பரிசு. அதே ஆராதனையில் அப்பா எழுந்து, மலைக்காரர் ஒருவரை மன்னிக்கக் கர்த்தர் தமக்குக் கிருபை செய்ததைச் சாட்சியாகச் சொன்னார். சபையே அல்லேலூயா என்றது. நானும் சொன்னேன், கொஞ்சம் உரக்கவே.

பண்டிகைக்கு முந்தின நாள் மாமா தம்முடைய சேவல் ஒன்றைக் கொண்டுவந்தார். வேண்டாம் என்று அப்பா இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை சொல்வதற்குள் அம்மா வாங்கிக்கொண்டாள். குழம்பில் தொடைக்கறி எனக்கு வந்தது. சாப்பிட்டேன். ருசியாக இருந்தது என்று எழுத இப்போது கூசுகிறது, ஆனால் ருசியாகத்தான் இருந்தது.

தை பிறப்பதற்குள் பன்றிகள் அவர் தோட்டத்தில் பாதியைக் கிளறிப் போட்டுவிட்டன. மிஞ்சிய கிழங்கில் ஒரு கூடை எங்கள் வீட்டுக்கு வந்தது. கூடையை இறக்கி வைத்துவிட்டு, புதுக் குஞ்சுகளை அடைத்துக்கொண்டிருந்த என் பக்கத்தில் மாமா வந்து குந்தினார்.

"அவசரத்துல போட்டா இந்தக் கொக்கி நிக்காது கண்ணு. இதையும் சேத்துக் கட்டிக்க. அப்புறம் யாரும் உன்னைய எதுவும் கேக்க மாட்டாங்க, சாமி."

தோளில் கிடந்த கயிற்றை எடுத்துக் கதவில் கட்டி, அவிழ்க்கவும் சொல்லிக்கொடுத்தார். அது நாயின் கயிறு.

அவர் போனதும் எனக்கு ஒரே சந்தோஷம். மாமா கொக்கியின் மேல் பழியைப் போட்டுவிட்டார், என் மேல் சந்தேகமே இல்லை, தப்பித்தேன் என்று நினைத்தேன். அன்றைய குடும்ப ஜெபத்தில் என் முறை வந்தபோது, தோட்டத்து மாமாவையும் மன்னித்து ஆசீர்வதியும் ஆண்டவரே என்று தாராளமாக வேண்டிக்கொண்டேன். அப்பா என் தலையைத் தடவிக்கொடுத்தார். என்னை மன்னிக்க வேண்டியவர் ஏற்கெனவே வந்து, கயிற்றைக் கட்டிக்கொடுத்துவிட்டுப் போயிருந்தார் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.