ஆயாதான் கொன்றாளாம்

டிவியில் வந்த மர்மத் தொடர் நேற்று முடிந்தது. கொலை செய்தது வீட்டு வேலைக்காரியாம். முடிவு சரியா தப்பா என்று என் மகளும் மருமகனும் சாப்பாட்டை ஆறவிட்டுச் சண்டை போட்டார்கள். எனக்கு ரோஸி அத்தையின் முகம்தான் கண்ணில் வந்தது.

நான் சிறுமியாக இருந்தபோது, மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தில் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த எங்கள் லைனுக்கு வாரப் பத்திரிகைதான் டிவி. அதில் வந்த கொலைக் கதையை அத்தை குழாயடியில் உரக்கப் படிப்பாள். தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் கேட்டுவிட்டு, கொன்றது யாரென்று கத்துவார்கள். பக்கத்து வீட்டுக் கன்னியம்மாவுக்குக் கதையில் வரும் டாக்டர்மேல்தான் சந்தேகம்.

அத்தை ஆபீசர் பங்களாவில் ஆயாவாக இருந்தவள். அங்கே ஒரு கைக்கடிகாரம் காணாமல் போனதும் அவள் மடியைத்தான் உதறச் சொன்னார்கள், வேலையிலிருந்தும் நிறுத்தினார்கள். கடிகாரம் அவர்கள் மெத்தைக்கடியிலேயே கிடைத்தது. யாரும் அவளைத் திரும்பக் கூப்பிடவில்லை.

கதையின் கடைசி வாரம், படித்துக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"இன்னாக்கா ஆச்சு? யாரு கொன்னது?" என்றாள் கன்னியம்மா.

"ஆயாவாம். இவனுங்களுக்கு வேற யாரு மாட்டுவா?"

"கதைதானேக்கா."

"என் மடிய உதறச் சொன்னதும் கதையா?"

அத்தை பத்திரிகையைக் கிழித்துச் சாக்கடையில் வீசினாள்.

"டாக்டருதான் கொன்னான்" என்றாள் கன்னியம்மா. எல்லோரும் ஆமாம் என்றார்கள்.

நேற்று சண்டைக்கு நடுவில், "முடிவு சரியா தப்பா, நீ இன்னாம்மா சொல்ற?" என்று மகள் என்னைக் கேட்டாள்.

"இத எழுதினவன் வீட்ல பாத்திரம் தேய்க்கிறது யாருன்னு கேட்டுச் சொல்லு" என்றேன்.