மூன்றாம் தாள்

எனக்கு எழுத்து வராது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். வரும். மூன்றாம் வகுப்பு வரைக்கும் வந்த எழுத்து அது. பூசைப் புத்தகத்தை விரல் வைத்து வாசிப்பேன். இதையும் நானேதான் கொப்பியில் எழுதுகிறேன், மெதுவாக. எனக்கு வராதது பாட்டின் எழுத்து. ஐந்து கோடு கீறி அதன் மேலும் கீழும் புள்ளி வைத்து எழுதுவார்களே, அது. பாயில் நெத்தலி காயப்போட்ட மாதிரித்தான் அது என் கண்ணுக்குத் தெரியும்.

ஆனால் எங்கள் கண்டக்குழிக் கோயிலில் முப்பத்தெட்டு வருடம் ஓர்கன் வாசித்தவள் நான். ஒரு பாட்டை இரண்டு தரம் கேட்டால் மூன்றாம் தரம் கை தானாகப் போகும். ஆயர் வந்து பூசை வைத்த நாட்களிலும் நான் தாள் பார்த்து வாசித்ததில்லை. பிழை விட்டதும் இல்லை.

என் தங்கச்சி வேறு மாதிரி. அவளை அப்பா சிலாபத்தில் கன்னியாஸ்திரிமாரின் விடுதியில் விட்டுப் படிப்பித்தார். இரண்டு பேரையும் அனுப்ப வசதி இருக்கவில்லை. கருவாடு போடும் அம்மாவுக்கு உதவிக்கு ஒருத்தி வேண்டும், நான் மூத்தவள், நான் வீட்டில் நின்றேன். அதைப் பற்றி அவளிடம் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

விடுதியில் ஒரு வயதான கன்னியாஸ்திரி அவளுக்குப் பியானோ பழக்கினார். கலியாணம் முடிந்த பிறகு அவள் புருஷன் கொழும்பில் யாரோ வீட்டைக் காலி செய்தபோது ஒரு பியானோவை வாங்கி லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஊரே கூடி நின்று இறக்கியது. உப்புக் காற்றுக்கு உள்ளே கம்பி துருப்பிடிக்கும் என்று, அதன் அடிப்பெட்டிக்குள் ஒரு சின்ன பல்ப் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகும் அந்த பல்பை அவள் அணைய விட்டதில்லை.

போன வருடம் தென்மேற்குச் சோழகக் காற்று தொடங்கிய கிழமை அவளுக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்தாள். வலக்கை மடியில் வைத்த இடத்தில் கிடக்கும். வாய் கொஞ்சம் கோணியிருந்தது, கதை மட்டும் குறையவில்லை. இத்தாலியில் வேலை செய்யும் அவள் மகள் லீவு போட்டு வந்து பக்கத்தில் நின்றாள். என் வீட்டிலிருந்து அங்கே பத்து நிமிட நடை. தினமும் காலையில் போவேன்.

ஒருநாள் பாணைத் தேத்தண்ணீரில் நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தேன். அவள் கேட்டாள்.

“அக்கா, எனக்கு ஒரு பாட்டுக் கேக்கணும்.”

“ரேடியோவைப் போடச் சொல்லு.”

“ரேடியோவில வராத பாட்டு.”

மகளிடம் சொல்லி அலுமாரியிலிருந்து ஒரு பழைய செபப் புத்தகத்தை எடுப்பித்தாள். அதற்குள் பழுத்துப்போன நான்கு தாள்கள். விடுதியை விட்டு வரும்போது அந்தக் கன்னியாஸ்திரி தன் கையாலேயே எழுதிக் கொடுத்த பாட்டு. பெயர்கூட எழுதியிருக்கவில்லை.

“இடக்கையால பாதிதான் வருது,” என்றாள். “வலக்கை இல்லாம கேக்க, செத்த வீட்டில ஆள் முனகுற மாதிரிக் கிடக்கு. ஒருக்கா முழுசா, தொடக்கத்தில இருந்து முடிவு மட்டும் கேட்டிட்டா நான் போயிருவேன்.”

“எங்க போகப்போற? கக்கூசுக்கே தூக்கிக்கொண்டு போகணும் உன்னை.”

சிரித்தாள். கோணல் வாயால் சிரிப்பது அழுவது போலவே இருக்கும்.

“போனில தேடிப் பாக்கட்டா அம்மா?” என்று மகள் கேட்டாள்.

“இது போனில இல்ல. இருந்தாலும், போனில வாசிக்கிறவ எனக்கு அக்காவா?”

கோயிலுக்குப் புதிதாக வந்த இளம் சிஸ்டருக்குத் தாள் பார்த்து வாசிக்கத் தெரியும். அதைச் சொன்னேன். “அவ வந்தா அஞ்சு நிமிசத்தில வாசிச்சிட்டுப் போயிருவா,” என்றாள். “நீ வாசி. நான் சொல்லித் தாறேன்.” நானும் வற்புறுத்தவில்லை. அந்தப் பிள்ளைக்கு முன்னால் எனக்குத் தாள் தெரியாது என்று சொல்ல எனக்கு மனமில்லை. கோயிலில் அது அப்போது யாருக்கும் தெரியாது.

அடுத்த நாள் பியானோவுக்கு முன்னால் இரண்டு கதிரைகளை ஒட்டிப் போட்டோம். இடப்பக்கம் அவள், வலப்பக்கம் நான். எனக்குக் கை துடித்துக்கொண்டிருந்தது.

“கையை மடியில வை,” என்றாள். “புதுப் பாட்டைத் தொட முதல் தாளைப் பாக்கணும்.”

“பாத்து? எனக்கு என்ன விளங்கப் போகுது?”

“விளங்காட்டியும் பாரு. எங்க ஏறுது, எங்க இறங்குது, எங்க நெருக்கமாக் கிடக்கு, எங்க வெளியாக் கிடக்கு. அதுக்குக் கண் காணும், படிப்பு வேணாம்.”

பார்த்தேன். முதலாம் தாளையும் இரண்டாம் தாளையும்தான் காட்டினாள். மற்ற இரண்டையும் செபப் புத்தகத்துக்குள் வைத்து மூடிவிட்டாள். முதல் வரியில் புள்ளிகள் படி ஏறுவது போல் ஏறி, மூன்றாம் வரியில் விழுந்தன. அவ்வளவுதான் என் கண்ணில் பட்டது. முதல் நாள் ஒரு கட்டையைக்கூட அழுத்த விடவில்லை. இடக்கைப் பகுதியைத் தான் வாசித்து, வலக்கைப் பகுதியை வாயால் முனகிக் காட்டினாள். மூச்சு எங்கே எடுக்க வேண்டும் என்பதை மட்டும் படித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வரும் வழியெல்லாம் எனக்குக் கோபம். இவ்வளவு காலம் வாசித்தவளுக்கு மூச்சு விடவா சொல்லிக்கொடுக்கிறாள்?

இரண்டாம் நாளில் இருந்து கட்டை கட்டையாகச் சொன்னாள். அவள் படித்த பெயர்கள் எனக்குத் தெரியாது, எனக்காக வேறு பெயர் வைத்தாள். கறுப்புக் கட்டைகள் இரண்டு சேர்ந்தும் மூன்று சேர்ந்தும் நிற்கும். அதைக் கொண்டு, “ரெட்டைக்கு இடப்பக்கத்து வெள்ளை. இப்ப மூண்டுக்கு நடுவில நிக்கிற கறுப்பு. சின்ன விரலால, சின்ன விரலால! அது என்ன, பெருவிரலால கடலை உடைக்கிற மாதிரி!” என்று வழி காட்டுவாள். ஒரு நாளைக்கு இரண்டு வரிக்கு மேல் தரமாட்டாள். முதலில் இருந்து ஓட விடமாட்டாள். தடக்குப்படும் இடத்தை மட்டும் வெட்டியெடுத்து அதையே திருப்பித் திருப்பி வாசிக்க வைப்பாள். தடக்கு விட்டுப்போன பிறகுதான் அதைப் பாட்டோடு கொண்டுபோய் ஒட்டுவாள்.

என் வலக்கை இறுகிய பிறகு தன் இடக்கையைச் சேர்த்தாள். நான் முந்தி ஓடினேன்.

“கரைவலை இழுக்கிறத நீ பாத்ததில்லையா?” என்று ஏசினாள். “ரெண்டு கயிறும் ஒண்டா வரணும். உன்ட பக்கம் முந்தினா வலைமடி சரிஞ்சு மீன் எல்லாம் போயிரும்.”

“உன்ட பக்கம் பிந்துது.”

“நான் நோயாளி. நீதான் எனக்காக நிக்கணும்.”

அன்று நின்றேன். அவள் கையின் வேகத்துக்கு என் கையைப் பிடித்து வைத்தேன். முதல் வரி இரண்டு கையிலும் ஒன்றாய் எழும்பியது. ஒரு கை என்னுடையது, ஒரு கை அவளுடையது. குசினியில் மகள் பாத்திரம் கழுவுவதை நிறுத்தியது கேட்டது. தங்கச்சிக்குக் கண்ணைத் துடைக்க ஒரு கைதான் இருந்தது, அதைப் பியானோவில் இருந்து எடுக்கவும் அவளுக்கு மனமில்லை. நான்தான் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டேன்.

மூன்று கிழமையில் இரண்டு தாளும் என் கைக்கு வந்துவிட்டன. மூன்றாம் தாளைக் கேட்டேன்.

“முதல் பாதி இறுகட்டும்,” என்றாள். “மற்றப் பாதி லேசில்ல.”

அடுத்த நாளும் அதே பதில். அதற்கு அடுத்த நாளும். ஒரு கிழமை முழுக்க அந்த இரண்டு தாளையே வாசித்தோம். பிழையே இல்லாத இடத்தில் பிழை என்றாள். பிழை இல்லை என்று எனக்குத் தெரியும். என் காது என்னை ஏமாற்றியதில்லை.

“நாலாம் வரியில அரைவாசி மூச்சு முந்திட்ட.”

“முந்தல்ல.”

“முந்தினாய் அக்கா. இன்னொருக்கா.”

கையை எடுத்து மடியில் வைத்தேன். வாயில் வந்ததை நிறுத்த முடியவில்லை.

“நீ படிச்சவ எண்டு காட்டத்தானே என்னை இங்க இருத்தி வச்சிருக்கிற? அப்பா உன்னை அனுப்பினார், என்னைக் கருவாட்டுக்கு விட்டார். அந்தத் திமிர் இன்னும் உனக்குப் போகல்ல. ஒரு பக்கம் விழுந்தும் போகல்ல.”

ஐம்பது வருடத்துக்கு மேல் உள்ளே கிடந்தது என் வாயால்தான் வந்தது. அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. “நாளைக்கு மூண்டாம் தாள் தாறேன் அக்கா,” என்றாள்.

“நாளைக்கு நான் வரமாட்டேன்.”

ஒன்பது நாள் நான் அந்தப் பக்கம் போகவில்லை. பத்து நிமிட நடை. மகளை இரண்டு தரம் அனுப்பினாள். முதல் தரம், “பெரியம்மா, உங்களுக்குச் சுகமில்லையா எண்டு அம்மா கேட்டவ,” என்றாள் பிள்ளை. சுகம்தான் என்று சொல்லச் சொன்னேன். இரண்டாம் தரம், “மூண்டாம் தாளை எடுத்து வச்சிருக்கிறாவாம்,” என்றாள். வைக்கட்டும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போவோம் என்று மனதுக்குள் வைத்திருந்தேன்தான். ஆனால் எழுத வந்த பிறகு ஒளிக்கக் கூடாது. மூன்றாம் தரமும் அவள் ஆள் அனுப்பட்டும் என்று காத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை அந்தப் பிள்ளை செருப்பில்லாமல் ஓடி வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது தங்கச்சிக்குக் கதை நின்றுவிட்டது. இடக்கையைப் பிடித்தேன். அதிலும் பலம் இல்லை. மத்தியானத்துக்கு முதல் முடிந்துவிட்டது.

பியானோவுக்கு முன்னால் இரண்டு கதிரைகளும் ஒட்டியபடியே கிடந்தன. ஆட்கள் இருக்க இடமில்லை என்று யாரோ ஒன்றை இழுத்தார்கள். “அதை எடுக்காதீங்க,” என்று மகள் சத்தம் போட்டாள். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள். “ஒவ்வொரு விடியவும் போட்டு வைக்கச் சொல்லுவா, பெரியம்மா. பின்னேரம் எடுக்கச் சொல்லுவா.”

அடக்கப் பூசையில் நான் ஓர்கன் வாசிக்கவில்லை. அன்றுதான் முதன்முதலாக அந்த இளம் சிஸ்டர் வாசித்தார்.

முப்பத்தோராம் நாள் வீட்டில் செபம் வைத்தோம். செபம் முடிந்து ஆட்கள் பந்தலுக்குப் போனபோது, மகள் அந்தச் செபப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் கையில் தந்தாள். “இது உங்களுக்கு எண்டு அம்மா சொன்னவ.” பக்கத்தில் சிஸ்டர் நின்றார். புத்தகத்துக்குள் இருந்து தாள்களை எடுத்தேன். வாழ்க்கையில் முதல் தரம் அதை ஒரு வெளி ஆளிடம் சொன்னேன்.

“எனக்கு இது வாசிக்கத் தெரியாது, சிஸ்டர். மூண்டாம் தாளை வாசிச்சுக் காட்டுவீங்களா?”

அவர் ஆச்சரியப்படவில்லை. தங்கச்சியின் கதிரையில் இருந்துகொண்டு, தாளை நிறுத்தி, இரண்டு கையாலும் வாசித்தார். நான் கையை உயர்த்தி நிறுத்தினேன்.

“அது முதலாம் தாள். மாறி எடுத்திட்டீங்க.”

“இல்ல அம்மா, மூண்டாம் தாள்தான். மூலையில இலக்கம் இருக்கு.”

“இது எனக்குத் தெரியும். இது நாங்க வாசிச்சது.”

“ஓம், அதேதான் திரும்ப வருது. பாருங்க.” முதலாம் தாளையும் மூன்றாம் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். படி ஏறுவது போல் ஏறி, மூன்றாம் வரியில் விழுந்த புள்ளிகள். எழுத்துத் தெரியாத கண்ணுக்கும் தெரிந்தது. “நாலாம் தாளும் இரண்டாம் தாள் மாதிரித்தான். முடிவில ரெண்டு வரி மட்டும் புதுசு. உங்களுக்கு முழுப் பாட்டும் தெரியும், இந்த ரெண்டு வரி தவிர.”

தங்கச்சிக்கு அது முதல் நாளே தெரியும். இரண்டு தாளும் என் கைக்கு வந்த அன்றைக்கே, அந்த இரண்டு வரியையும் சொல்லித் தந்திருந்தால் பாட்டு முடிந்திருக்கும். முடிந்தால் நான் தாளை மூடிவிட்டு எழும்பிப் போயிருப்பேன். என்னை அவளுக்குத் தெரியும். அதனால்தான் இல்லாத பாதியை வைத்து என்னைப் பக்கத்துக் கதிரையில் இருத்தினாள். முழுப் பாட்டும் கேட்க வேண்டும் என்ற தன் ஆசையையே அதற்காகத் தள்ளிப்போட்டாள். நான் அதைத் திமிர் என்றேன்.

சிஸ்டர் அந்த இரண்டு வரியையும் வாசித்துக் காட்ட வந்தார். வாசிக்க வேண்டாம், கட்டை கட்டையாகச் சொல்லுங்கள் என்று கேட்டேன். சொன்னார். மெல்லிய குரல், பொறுமையான பிள்ளை. நான் வலக்கையை வைத்தேன், அவர் இடக்கையைச் சேர்த்தார். ஏறி வந்த புள்ளிகள் அங்கே ஏறாமல், ஒரே இடத்தில் மூன்று தரம் நின்று, அடங்கிவிடும். எனக்கு முதல் தரத்திலேயே பிடிபட்டுவிட்டது.

பந்தலில் பீங்கான் வைக்கும் சத்தம் கேட்டது. சாப்பிட வரச் சொல்லி யாரோ கூப்பிட்டார்கள். சிஸ்டர் தாள்களை அடுக்கிக்கொண்டு எழும்பப் பார்த்தார்.

“இன்னும் விளங்கல்ல, சிஸ்டர்,” என்றேன். “முதலில இருந்து இன்னொருக்கா சொல்லுங்க.”