எங்கே கத்துவது என்று பேசிவைத்தவர்

அன்று காலை வசந்தி கோவையிலிருந்து போனில் கூப்பிட்டபோது அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. காக்கைகளுக்குச் சோறு வைக்க நான் தாமதமாக்கிவிட்டதால் அவை என் சமையலறை ஜன்னலுக்கே வந்து கத்திக்கொண்டிருந்தன. "கொஞ்சம் சத்தமாச் சொல்லு கண்ணு, காக்கா கத்துது" என்றேன். அவள் மறுபடியும் சொன்னாள்: "அம்மா போயிட்டாங்க சித்தி."

திலகவதி அக்கா இறந்த செய்தியை அவர் மகளை இப்படி இரண்டு முறை சொல்ல வைத்தேன். அக்கா கேட்டிருந்தால் சிரித்திருப்பார். குன்னூர்ப் பக்கம் எங்கள் தொழிற்சாலையில் வேலை பார்த்த பலருக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. 'காக்காக்காரம்மா' என்றால்தான் தெரியும். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். சாவு வீட்டில்கூட ஒருவர், திலகவதி அம்மாள் காக்கையிடம் குறி கேட்பார் என்று எனக்கே விளக்கினார். குவார்ட்டர்ஸில் அவருக்கு அடுத்த வீட்டுக்காரி நான். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

அக்காவின் கணவர் காய்ச்சலில் படுத்து எழுந்திருக்காமலே போனார். கருணை அடிப்படையில் அக்காவுக்குத் தொழிற்சாலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை கிடைத்தது. வேலை நிரந்தரம் ஆகும்வரை எல்லாம் அந்தரத்தில்தான். வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். அவரே கேட்டு இரவு ஷிப்டு வாங்கிக்கொண்டார். வசந்தி இரவில் என் வீட்டில் படுத்துக்கொள்வாள். காலையில் அக்கா வந்து அவளுக்குச் சடை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்புவார். அவள் திரும்பி வருவதற்குள் தூங்கி எழ வேண்டும். அந்தத் தூக்கத்தை நம்பித்தான் அவர்கள் குடித்தனமே நின்றது.

அவர் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் பின்னால் பெரிய கற்பூர மரம் ஒன்று இருந்தது. அதில் காக்கைகள் இருந்தன என்று சொன்னால் போதாது. ஊரில் உள்ள பஞ்சாயத்தெல்லாம் அந்த மரத்தில்தான் நடந்தது. விடிந்ததும் ஆரம்பித்தால் வெயில் ஏறி இறங்கும்வரை ஓயாது. ஒருநாள் அக்கா சுவிட்ச்போர்டு முன்னாலேயே கண்ணயர்ந்துவிட்டார். அவசரமாக வந்த அழைப்பு ஒன்று எடுக்கப்படாமல் போயிற்று. இன்னொரு முறை இப்படி நடந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார்.

பகல் ஷிப்டு கேட்கச் சொன்னேன். "பள்ளிக்கூடம் உட்டுப் பொழுதோட புள்ள பூட்டுன ஊட்டு முன்னால வந்து நிக்கோணுமா? அதெல்லாம் ஆகாது அம்மிணி. நான் தூங்கிக் காட்டறேன் பாரு" என்றார்.

முதலில் சண்டைதான் போட்டார். கல் எறிந்தார், தகர டப்பாவைத் தட்டினார், மூங்கில் கழியில் பழைய குடைத்துணியைக் கட்டி ஆட்டினார். அண்டங்காக்கைக்கு ஆள் அடையாளம் நன்றாகத் தெரியும் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. வரிசையில் எத்தனை வீடுகள் இருந்தும் அவர் ஒருவர் தலையில் மட்டும் வந்து கொத்தின. நல்ல வெயிலிலும் குடை பிடித்துக்கொண்டுதான் கடைக்குப் போவார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்துக்கொண்டே வந்தது.

திருப்பம் ஒரு இட்லியில் வந்தது. ஒருநாள் காலை டூட்டி முடிந்து வரும்போது குவார்ட்டர்ஸ் மைதானத்துக்கு அந்தப் பக்கம் உள்ள பாறையில் களைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார். டிபன் கேரியரில் மிச்சமிருந்த இட்லியைத் தின்ன மனமில்லாமல் எறிந்திருக்கிறார். ஒரு காக்கை வந்தது. அது கூப்பிட்டு மரத்திலிருந்த கூட்டமே வந்துவிட்டது. அவற்றைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம். மறுநாள் முதல் டூட்டிக்குப் போகும்போதே அவற்றுக்கும் சேர்த்துச் சோறு கட்டிக்கொண்டு போனார். காலையில் அதே பாறையில் கேரியர் மூடியைக் கரண்டியால் தட்டிவிட்டு வைப்பார். குடை மெல்ல மெல்லத் தேவையில்லாமல் போயிற்று. காலைக் கூட்டம் மரத்தைவிட்டுப் பாறைக்கு மாறியது. தின்று முடித்தும் அங்கேயே சுற்றின.

சத்தம் நின்றுவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். தூரத்திலிருந்து வந்துகொண்டுதான் இருந்தது. அக்கா அதைக் கேட்டுக்கொண்டே தூங்கப் பழகினார். எப்படி முடிகிறது என்று கேட்டதற்கு அவர் சொன்னதை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன்: "அதுங்க கத்தாம இருக்காது அம்மிணி. எங்க கத்தோணும்னு மட்டும் பேசி வெச்சிருக்கறேன்."

இந்த நிலையில்தான் குடியிருப்போர் சங்கச் செயலாளர் கந்தசாமிக்கு வீரம் வந்தது. அவர் வீட்டில் காயப்போட்ட வேட்டி ஒவ்வொன்றிலும் காக்கை எச்சம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சரவெடியைக் கொளுத்திப் போட்டார். வெடிமருந்து செய்யும் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் சரவெடி வெடித்தால் முதலில் பறந்து வருவது காக்கையா, காவல் ஜீப்பா? ஜீப்தான் வந்தது. மனிதர் பனியனோடு நின்று விளக்கம் சொன்னார். அதற்கும் அசரவில்லை. கறுப்புத் துணியைச் செத்த காக்கை போலச் சுருட்டி ஒவ்வொரு கூரையிலும் தலைகீழாகத் தொங்கவிட்டார். இது பலித்தது. ஒரு கூரையிலும் காக்கை உட்காரவில்லை. சங்கத்தில் அவருக்குத் துண்டு போர்த்தினார்கள்.

பிறகு ஆடி அமாவாசை வந்தது.

சாரலும் மூடுபனியுமாக இருந்த நாள். திருநெல்வேலிக்காரர், தஞ்சாவூர்க்காரர், கோயமுத்தூர்க்காரர் என்று எல்லா வீட்டு ஆண்களும் தர்ப்பணம் முடித்துப் பசியோடு காத்திருந்தார்கள். வடை பாயசத்தோடு இலை இலையாகச் சோறு மதில்மேல் நனைந்துகொண்டிருந்தது. காக்கை தொடாமல் வீட்டில் யாரும் சாப்பிட முடியாது. எல்லாரும் பனியைப் பார்த்து "கா, கா" என்று கூப்பிட்டார்கள். பதிலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் குரல்தான் கேட்டது. காக்கை விரட்டும் துணியைக் கூரையில் கட்டிவிட்டு அதற்குக் கீழே இலை போட்டுக் காக்கையை அழைக்கிறோம் என்பது ஒருவர் மண்டைக்கும் எட்டவில்லை, என் வீடும் சேர்த்துத்தான்.

பசி தாங்காமல் கந்தசாமி அக்கா வீட்டு வாசலுக்கு வந்தார். அக்கா தூங்கிக்கொண்டிருந்தார். கதவைத் தட்ட அவருக்குத் துணிவில்லை. நான்தான் தட்டினேன்.

"ஏனுங்க, கொஞ்சம் அதுங்களைக் கூப்பிட்டுக் குடுங்க" என்றார், தலையைக் குனிந்துகொண்டே.

அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டு அவரைப் பார்த்தார். "கூப்படறனுங்க. மொதல்ல அந்தத் துணியெல்லாம் எறக்கிப் போடுங்க. இனி யாரும் அதுங்களைத் தொரத்தக் கூடாது. சரீன்னா வாங்க."

கந்தசாமியே ஏணி வைத்து ஏறினார். பிறகு இலைகளைக் கையில் ஏந்திக்கொண்டு மொத்தக் குவார்ட்டர்ஸும் பனியில் பாறைக்கு நடந்தது. அக்கா மூடியைத் தட்டினார். எங்கிருந்தோ ஒன்று குரல் கொடுத்தது. அடுத்த நிமிஷம் பாறையே கறுத்துவிட்டது. அத்தனை வீட்டு முன்னோர்களும் ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள்.

திரும்பும்போது ஓர் அம்மாள், உங்கள் வீட்டுக்காரருக்கு நீங்கள் இலை போடவில்லையே என்று அக்காவைக் கேட்டார். "அவருக்குத் தெனமும் டூட்டி முடிஞ்சதும் வெச்சர்றனுங்களே" என்றார் அக்கா. அதுவரை, தூக்கத்துக்காக மட்டும்தான் சோறு வைக்கிறார் என்று நான் நினைத்திருந்தேன். அவர் வீட்டுக்குப் போய் மறுபடியும் படுத்துத் தூங்கினார்.

வேலை நிரந்தரமானது. வசந்தி படித்தாள், கோவையில் கல்யாணமாகிப் போனாள். ஓய்வுக்குப் பிறகு குவார்ட்டர்ஸுக்குக் கீழேயே அக்காவும் நானும் பக்கத்துப் பக்கத்தில் வீடு பார்த்துக்கொண்டோம். மழையோ உறைபனியோ, பாறைக்குப் போவதை அவர் விட்டதில்லை. உடம்புக்கு முடியாமல் மகள் வீட்டுக்குப் புறப்பட்ட அன்று அந்தக் கேரியர் மூடியை என் கையில் கொடுத்தார். எனக்குக் காக்கையைக் கண்டாலே ஆகாது என்றேன். "உனக்குப் புடிக்கோணும்னு ஆரு சொன்னா? சோறு மட்டும் வை" என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலை அவை என் ஜன்னலில் வந்து உட்கார்ந்து கொடுத்த தொந்தரவில், கரண்டியைத் தேடி எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு என் முழங்கால் விடவில்லை, போகவில்லை. மத்தியானம் வசந்தி கூப்பிட்டாள். அழுதுகொண்டிருந்தாள்.

"சித்தி, மொட்டை மாடியில எலை போட்டு எவ்வளவு நேரமாச்சு. ஒரு காக்கா வரலை. அம்மாவுக்கு என்னமோ மனக்கொறை, நான் சரியாப் பாக்கலைன்னு பேசிக்கறாங்க. ஒருத்தரும் சாப்பிடலை."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தன் ஒரே மகளுக்காக ஆயுசு பூராவும் இரவில் விழித்துப் பகலில் தூங்கிய மனுஷி, அந்தப் பெண்மேலா குறைப்படுவார்?

"கொறையுமில்ல ஒண்ணுமில்ல. உங்கம்மா அங்க இருந்தாத்தான கண்ணு அங்க காக்கா வரும்? எலையை எடுக்க விடாதே. போனையும் வெக்காதே" என்றேன்.

அடுப்பில் இருந்த பருப்புச் சோற்றைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு, முழங்காலைத் திட்டிக்கொண்டே ஏறினேன். பாறையில் சோற்றை வைத்து மூடியைத் தட்டினேன். வந்தன. போனை உயர்த்திப் பிடித்தேன்.

"கேக்குதா?"

"கேக்குது சித்தி."

"சாப்பிட்டுட்டாங்க உங்கம்மா. எல்லாரையும் பந்தியில உக்காரச் சொல்லு. நீயும் சாப்பிடு."

கரண்டி பட்டுப் பட்டு நடுவில் குழி விழுந்த அந்த மூடி என்னிடம் இருக்கிறது. காக்கையை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. ஆனாலும் விடிந்ததும் கிளம்பிவிடுகிறேன். இந்த முழங்கால் ஏறும்வரைக்கும் திலகவதி அக்காவுக்கு அந்தப் பாறையில் சோறு உண்டு.