காயில் கம்பி ரிங்கு

மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் கடைக்கு ஒரு வாசனை உண்டு. வார்னிஷும் கருகிய துணியும் கலந்த அந்த நெடி மூக்கில் ஏறினால் லேசில் இறங்காது. கல்வராயன் மலையில் மழை பொய்த்த வருஷங்களில் சங்கராபுரத்தைச் சுற்றியுள்ள எங்கள் ஊர்ப் பக்கமெல்லாம் கிணறுகள் பாதாளத்துக்கு இறங்கிவிடும். கரண்டும் நோயாளி மாதிரி வந்து வந்து போகும். கொல்லைக்கு ஒரு மோட்டார் புகைந்து சாகும். அவற்றைக் கிணற்றிலிருந்து கயிறு கட்டித் தூக்கிக் கடையில் சேர்க்கிற கூலி வேலை என் அப்பாவுக்கு. சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழையும்போதே அந்த வாசனையும் கூட நுழையும். இடுப்பு மடிப்பில் புதுக் காயில் கம்பியின் மிச்சத் துண்டுகள் இருக்கிறதா என்று அக்காவும் நானும் அவர் மேல் விழுந்து துழாவுவோம்.

அந்தக் கம்பியில்தான் நாங்கள் காதில் மாட்டுகிற "ரிங்கு" செய்தோம். பழைய டார்ச் லைட் பேட்டரியைச் சுற்றி வளைத்தால் வட்டம் பிசகாமல் வரும். ஒரு முனையை அப்பாவின் குறடால் சின்னக் கண்ணாக மடக்கி, மறுமுனை வழியாகப் பாசியைக் கோத்து, கடைசியில் கொக்கி போல் வளைத்துக் கண்ணுக்குள் மாட்டிவிட்டால் தீர்ந்தது. திருவிழாவில் வாங்கிய பாசிமாலை அறுந்துபோனால் மற்ற பிள்ளைகள் அழும். நாங்கள் இரண்டு பேரும் ரகசியமாகச் சந்தோஷப்படுவோம். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்பதில் எங்களுக்குள் நடக்காத சண்டை கிடையாது. அக்காவுக்குப் பச்சை, எனக்குச் சிவப்பு. பள்ளிக்கூடத்தில் பாதிப் பெண்கள் காதில் எங்கள் கைவேலைதான் ஆடிக்கொண்டிருந்தது என்று சொன்னால் இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிடுகிறது.

ஒரு கோடையில் அப்பா கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். அம்மாவிடம் இருந்த ஒரே பொன், அவள் கல்யாணத்துக்குப் போட்டு வந்த கம்மல், அந்தக் கால் வைத்தியத்தோடு போய்விட்டது. "போன பொன்னு வரும், போன காலு வருமா?" என்று அவளே எல்லோருக்கும் ஆறுதல் சொன்னாள். ஓட்டை தூர்ந்துவிடக் கூடாதென்று வேப்பங்குச்சியை ஒடித்துக் காதில் செருகிக்கொண்டு களை எடுக்கப் போனாள். கழனியில் யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை, பாதிப் பேர் காதில் குச்சிதான்.

ஆனால் அந்த ஆவணியில் அம்மாவின் ஒரே தம்பிக்கு, எங்கள் மாமாவுக்கு, திருநாவலூர்க் கோயிலில் கல்யாணம் என்று முடிவானது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை தாலியில் ஒரு முடிச்சுத்தான் போடுவார். மிச்ச முடிச்சைப் போடுவது பெண்ணுக்குப் பின்னால் நிற்கிற நாத்தனார். அத்தனை பேர் கண்ணும் அவள் மேல்தான் இருக்கும். கல்யாணம் நெருங்கியும் அம்மா வர மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றாள்.

"மூளிக் காதோட போயி நான் எப்பிடிடி நிக்கறது? பெரியப்பா பொண்ணு கீறா, அவ போடட்டும் முடிச்ச."

"தம்பி மனசு இன்னா பாடுபடும்?" என்றார் அப்பா, கட்டுப்போட்ட காலை நீட்டியபடி. அம்மா எழுந்து உள்ளே போனாள். அடுப்படியில் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. தூக்கி வளர்த்த தம்பி அவன். போகாமல் இருந்தால் அவளுக்கு அந்தக் குறை சாகும்வரை ஆறாது என்பது சின்னப் பிள்ளைகளான எங்களுக்கே புரிந்தது.

அன்றே அக்கா எங்கள் பாசி டப்பாவைத் திறந்தாள். இருந்ததிலேயே நல்ல பாசியாகப் பொறுக்கினோம். கம்பி மட்டும் அவளுக்குப் பிடிக்கவில்லை. வார்னிஷ் பூசிய அந்தப் பழுப்பு நிறம் பொன் மாதிரி இல்லையாம். பிளேடால் வார்னிஷைச் சுரண்டி எடுத்துவிட்டு, குத்துவிளக்கு விளக்குகிற மாதிரி புளி போட்டுத் தேய்த்தோம். ஜொலித்தது. அம்மா கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னாடி இது, நகைக்கடைக்காரன் தோத்தான் போ" என்று சொல்லிவிட்டு வேப்பங்குச்சியைப் பிடுங்கி எறிந்தாள். அப்பாவைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மறுநாள் சாயங்காலமே பஸ் ஏறிவிட்டோம்.

வார்னிஷ் எதற்கு இருந்தது என்பது முகூர்த்தத்துக்கு முன்னால்தான் தெரிந்தது. வெறும் செம்பு, அதில் ஒட்டியிருந்த புளி, பஸ் நெரிசலின் வியர்வை மூன்றும் சேர்ந்து அம்மாவின் காது மடலில் பச்சைக் கறை பிடித்து, அரிப்பு எடுத்துவிட்டது. யாரும் பார்க்காதபோது காதைத் தேய்த்துத் தேய்த்து, வலது காதின் கொக்கியை அவள் அரைகுறையாகத் திறந்து வைத்திருந்தாள்.

கெட்டிமேளம் முழங்க, மாமா ஒரு முடிச்சுப் போட்டுக் கையை எடுத்தார். அம்மா குனிந்து மிச்ச முடிச்சைப் போட்டாள். நிமிரப் போனவள் நிமிரவில்லை. கொக்கி பெண்ணின் பூச்சடையில் மாட்டிக்கொண்டது. அம்மா இழுக்க, பாசியெல்லாம் சிதறி அட்சதை அரிசியோடு உருண்டது. "அபசகுனம்" என்று யாரோ முணுமுணுத்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போது மணப்பெண் தலையைத் திருப்பாமலே அம்மாவிடம் ஏதோ சொன்னாள். அம்மா ஒரு கணம் திகைத்தாள். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பெண்ணும் சிரித்தாள். இரண்டு தலையும் ஒட்டிக்கொண்டு சிரிப்பதைப் பார்த்து மற்றவர்களுக்கும் சிரிக்கத் தோன்றிவிட்டது. பூவோடு சேர்த்துக் கம்பியை யாரோ பிரித்து எடுத்தார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், "புது அத்த இன்னா சொன்னாங்கம்மா?" என்று துளைத்தெடுத்தோம். "அது எங்க ரெண்டு பேருக்குள்ள" என்றாள். இரண்டு காதும் வெறுமையாகவே, பஸ்ஸில் எல்லோரும் பார்க்க நிமிர்ந்து உட்கார்ந்து வந்தாள். பிற்பாடு எத்தனையோ முறை கேட்டும் அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை கறக்க முடியவில்லை.

இப்போது கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பாசி கோத்த வளையங்களை அட்டையில் குத்தி வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். என் மகள் ஜீன்ஸுக்கு ஒன்று, சுடிதாருக்கு ஒன்று என்று அள்ளிக்கொண்டு வருகிறாள். நான் செய்து தருகிறேன் என்றால், "போம்மா, கையில இன்னா மெஷினா இருக்கு?" என்கிறாள். போன மழைக்காலத்தில் அம்மா போய்விட்டாள். கருமாதி அன்று சொந்தக்காரர்கள் அவளைப் பற்றி ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தபோது, அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள்.

"அண்ணி சடையப் புடிச்சி இழுத்தாங்களே, அன்னிக்கி நான் இன்னா சொன்னேன் தெரியுமா? 'மெதுவா அண்ணி, என் காதுல கீறதும் கவரிங்கு தான், கயண்டுக்கினு வந்துரும்'னேன். எங்கப்பா பேசின நகைய அவரால போட முடியல. மாப்ள வூட்டுக்குத் தெரிஞ்சா இன்னா ஆவுமோன்னு மணையில நடுங்கிக்கினு குந்திக்கினு இருந்தேன்."

மாமா நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு இது இப்போதுதான் தெரிகிறது. "எங்கக்கா எங்கிட்ட மூச்சு வுடலியே!" என்றார்.

"வுடமாட்டாங்க," என்றாள் அத்தை. "பொறவு ஒருவாட்டி கேட்டதுக்கு, 'நீ எங்க வூட்டுப் பொண்ணு, உன்ன யாருகிட்ட காட்டிக்குடுக்கறது'ன்னாங்க."

அம்மாவை எடுத்த அன்றுகூட அழாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்த அக்கா, அதைக் கேட்டதும் என் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள்.