வெள்ளிக்கிழமை மீனுக்குப் போன இஞ்சின்

1. முதல் உலகப் போருக்கு முன்பு, ஒரு பிரெஞ்சு அதிகாரி கப்பலில் ஒரு மோட்டார் சைக்கிளைப் புதுச்சேரிக்குக் கொண்டுவந்தார்.

2. ஊர் திரும்பும்போது அதை என் கொள்ளுத்தாத்தாவுக்கு விற்றார். கொள்ளுத்தாத்தா எப்படிக் கிளப்புவது என்று கேட்டுக்கொண்டார். எப்படி நிறுத்துவது என்று கேட்கவில்லை. முதல் சவாரி கடற்கரை மணலில் முடிந்தது. இரண்டாவது சவாரி இல்லை.

3. இஞ்சினை மட்டும் கழற்றி வைத்திக்குப்பத்தில் ஒரு படகுக்காரருக்குக் கொடுத்தார். பதிலுக்கு வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் வீட்டுக்கு மீன் வர வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

4. மீதி வண்டி எங்கள் கொல்லையில் அவரைப் பந்தலுக்கு முட்டுக்கொடுத்தது.

5. சுனாமிக்குப் பிறகு இரண்டாம் வருடம், பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று என் அப்பா ஊரோடு வந்து சேர்ந்தார். பந்தலைப் பிரித்தார்.

6. அன்றிலிருந்து எங்களுக்கு நிம்மதி இல்லை.

அப்போது நான் மெக்கானிக்கல் இஞ்சினியரிங் முடித்து, ஒரு தொழிற்சாலையில் உதிரி பாகங்களின் அளவு சரிபார்க்கும் வேலையில் இருந்தேன். அப்பா என்னைக் கொல்லைக்குக் கூப்பிட்டு, சட்டம், கைப்பிடி, இரண்டு சக்கர வளையங்கள், ஒரு பெட்ரோல் டாங்க் ஆகியவற்றைக் காட்டினார். என்னென்ன இல்லை என்று கேட்டார். பார்த்துச் சொன்னேன். டயர் இல்லை, சீட் இல்லை, பெல்ட் இல்லை, இஞ்சின் இல்லை.

"அப்ப கொஞ்சம்தான்," என்றார்.

இஞ்சின் இருக்குமிடத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. படகுக்காரரின் பேரன் மனைவி வைத்திக்குப்பத்தில் ஐஸ் கொட்டகை வைத்திருந்தார். ஐஸ் பார்களை வாங்கி, மிஷினில் போட்டு நொறுக்கி, மீன் விற்பவர்களுக்குக் கொடுப்பார். மிஷின் கரண்டில் ஓடியது. கரண்ட் போனால் ஓட்டுவதற்கு மூலையில் ஒரு பழைய இஞ்சின் இருந்தது. நான் அக்கா என்று கூப்பிட்ட அந்தப் பெண்மணியிடம் அப்பா நேராக விஷயத்துக்கு வந்தார்.

"இது எங்க தாத்தாவோட இஞ்சின்மா."

"இருக்கலாம் முசே. இப்ப எங்க ஐஸ் மிஷினோட இஞ்சின்." பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிற எல்லோரும் குப்பத்தில் முசேதான்.

"விலைக்கு விக்கலையே. வெள்ளிக்கிழமை மீன் தரணும்னு பேச்சு. மீன் நின்னுபோச்சு. அப்ப யாவாரம் முடியலன்னுதான அர்த்தம்?"

"நாங்க எங்க நிறுத்தினோம்? எங்க மாமனாரு மீன எடுத்துக்கினு வந்து உங்க வூட்டுக் கதவத் தட்டுனாரு. நீங்க பூட்டிக்கினு சைகோன் போயிட்டீங்க. சைகோனுக்குக் கூடையில தூக்கியாறதா?" என் தாத்தா பிரெஞ்சு அரசாங்க வேலைக்காகக் குடும்பத்தோடு வியட்நாமுக்குப் போன காலத்தைச் சொன்னார்.

ஐஸ் வாங்க நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி, "கருவாடா போட்டாவது அனுப்பியிருக்கலாம்," என்றாள்.

அப்பா சிரிக்கவில்லை. "கருவாடு சேராது. பச்ச மீன்னுதான் பேச்சு," என்றார்.

கடைசியில் அக்கா ஒரு வழி சொன்னார். இஞ்சினை எடுத்துப்போகலாம். வண்டியில் மாட்டிக்கொள்ளலாம். ஆனால் கரண்ட் போனால் வண்டியோடு வந்து ஐஸ் நொறுக்கிக் கொடுக்க வேண்டும். ஏனென்றால் இஞ்சின் அவருடையது. அப்பா ஒப்புக்கொண்டார். குப்பத்தில் கரண்ட் எப்போதாவதுதான் போகிறது என்று விசாரித்து வைத்திருந்தார்.

வண்டியைச் சேர்க்க ஒரு வருடம் ஆனது. அந்தக் காலத்து வண்டிக்கு கிளட்ச் கிடையாது, கியர் கிடையாது. இஞ்சினிலிருந்து ஒரு தோல் பெல்ட் நேராகப் பின்சக்கரத்துக்குப் போகும். இஞ்சின் ஓடினால் சக்கரம் சுற்றும். சக்கரம் நின்றால் இஞ்சினும் நின்றுவிடும். சைக்கிளுக்கு இருப்பது போலப் பெடல் உண்டு. இஞ்சின் பிடிக்கிறவரை மிதிக்க வேண்டும். சூடாக இருந்தால் பத்து மிதியில் பிடிக்கும். ஆறிவிட்டால் காலை முழுக்க மிதிக்கலாம். இப்படிப்பட்ட வண்டியைச் சிக்னல் உள்ள ஊரில் ஓட்ட முடியாது. ஆனால் ஸ்டாண்டில் ஏற்றி, பின்சக்கரத்தில் இன்னொரு பெல்ட்டைப் போட்டு மிஷினோடு இணைத்தால், ஐஸை மிக நன்றாக நொறுக்கும். ஒரு இஞ்சினியராக நான் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்: அந்த வண்டி நின்ற இடத்தில் செய்த வேலையை ரோட்டில் செய்ததே இல்லை.

வண்டி தயாரான மாதம் குப்பத்து டிரான்ஸ்பார்மர் பழுதானது. சரிசெய்தார்கள். மறுபடி பழுதானது. அப்பா வெள்ளைச் சட்டையில் போய், மீன் வாடையோடு திரும்பி வருவார். மாலையில் கடற்கரையில் கூடும், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த பழைய சொல்தா நண்பர்களுக்கு விஷயம் எட்டியது.

"என்ன முசே, நீ ராணுவத்துல ஐஸ் பட்டாளமா?"

"பொண்ண இஞ்சினியருக்குப் படிக்க வச்சது இதுக்குத்தானா?"

"பாவம்பா, வண்டி அவருதில்ல. வாடகைக்குத்தான் ஓட்டுறாரு."

கடைசியாகச் சொன்னதுதான் அப்பாவைத் தைத்தது. வண்டி தன்னுடையது என்று ஊர் முன்னால் ஒருவர் சொல்ல வேண்டும் என்பது அதற்குப் பிறகு அவருக்கு ஒரே ஆசையாகிவிட்டது. பீச் ரோட்டில் பழைய வண்டிகளின் ஊர்வலம் வந்தது. முடியும் இடத்தில் ஒவ்வொரு வண்டியும் நிற்க வேண்டும்; நடுவர் சோதித்ததும், உரிமையாளர் பெயரை மைக்கில் அறிவிப்பார்கள். அப்பா பெயர் கொடுத்தார்.

அதற்கு முன் நான் அக்காவிடம் போய், இஞ்சினுக்குப் பதிலாக ஒரு புது டீசல் இஞ்சின் வாங்கித் தருவதாகச் சொன்னேன்.

"அத வாங்கிக்கினா வண்டி முழுசா உங்களுதாயிடும்ல பாப்பா? அப்ப எனக்கு என்னா இருக்கு? வெறும் ஐஸுதான் இருக்கு."

ஊர்வலத்தன்று அப்பா தொப்பியும் பதக்கங்களும் அணிந்து வரிசையில் நின்றார். நண்பர்கள் முன்வரிசையில் நாற்காலி பிடித்திருந்தார்கள். கிளம்ப வேண்டிய நேரத்தில் அக்கா ஈரக் கையோடு வந்தார்.

"கரண்ட் பூட்ச்சு முசே. போட்டெல்லாம் கரைக்கு வந்துடுச்சு. ஐஸ் பாரு உருகினுகீது."

"இன்னைக்கா?"

"கரண்டுக்காரன் உங்களக் கேட்டுக்கினா நிறுத்துறான்?"

அப்பா நண்பர்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன்.

அக்காவே சொன்னார்: "ஓட்டு முசே, யாரு வாணான்னது? ஓட்டிக்கினே நேரா கொட்டகைக்கு வந்துடு. கடைசியில மட்டும் நிக்காத. நின்னா சூடு ஆறிப்பூடும்."

நின்றால்தான் பெயர் சொல்வார்கள். நிற்காவிட்டால் கணக்கில் இல்லை.

ஊர்வலம் மெதுவாகப் போக வேண்டும் என்பது விதி. எங்கள் வண்டிக்கு மெதுவாகப் போகத் தெரியாது. அப்பா ஒரு நீளமான கறுப்புக் காரை முந்தினார். அதிலிருந்தவர் கை கூப்பினார். நண்பர்கள் முன்னால் வந்ததும் அப்பா சல்யூட் வைக்கப் பார்த்தார். வண்டி ஆடியதால் பாதியில் விட்டுவிட்டார். முடியும் இடத்தில் ஒருவர் கொடியை நீட்டிக்கொண்டு நடுரோட்டில் நின்றார். அப்பா வேகத்தைக் குறைக்கவில்லை. கொடிக்காரர்தான் ஒதுங்கினார்.

"வண்டியின் உரிமையாளர்," என்று மைக் ஆரம்பித்து, "அதோ, போய்க்கொண்டிருக்கிறார்," என்று முடித்தது.

நான் ஸ்கூட்டியில் பின்னாலேயே போனேன். கொட்டகையில் அப்பா வண்டியை ஸ்டாண்டில் ஏற்றியிருந்தார். பெல்ட்டை நான் மாட்டினேன். அவர் மிதித்தார். பிடித்துக்கொண்டது. பிரேக் பிடிக்கவில்லை என்று நினைத்து நண்பர்கள் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடிவந்து வாசலில் மூச்சு வாங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு ஆட்டோவில் நடுவர் வந்து இறங்கினார். கழுத்தில் டை. சத்தத்துக்கு மேலே கத்தினார்.

"ஓனர் யாருங்க?"

அக்கா ஐஸ் பாரை மிஷினுக்குள் தள்ளிக்கொண்டே, "ரெண்டு பேரு. எழுதிக்க," என்றார்.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் தொப்பியிலிருந்த ஐஸ் தூளைத் தட்டினார்.

"பாதி என்னுது. பாதி இந்தம்மாவுது. எழுதிக்குங்க."

நடுவர் ஒரு பெயருக்குத்தான் இடம் இருக்கிறது என்றார். அப்படியானால் எழுத வேண்டாம் என்றார் அப்பா. நடுவர் கொஞ்ச நேரம் நின்று, எவ்வளவு சீராக நொறுக்குகிறது என்று பார்த்துவிட்டுப் போனார். பரிசு கறுப்புக் காருக்குக் கிடைத்தது.

வண்டி இப்போது எங்கள் வீட்டில் நிற்கிறது. அப்பா பாதி, அக்கா பாதி. ஊர்வலத்துக்கு மறுபடி பெயர் கொடுக்கவில்லை. டிரான்ஸ்பார்மரை மாற்றித் தரக் கேட்டு இருவரும் சேர்ந்து மனு கொடுத்திருக்கிறார்கள். இன்னும் மாற்றவில்லை.